கல்லுக்கு வைத்த உமிக்கூம்பு

சுமித்திராவின் கறுப்புச் சேட்டு கறுப்பாகவே வீடு திரும்பத் தொடங்கியபோது, அதைவிடப் பெரிய வெற்றி தன் ஆயுளில் இனி வராது என்று அவளுடைய அண்ணன் தயாபரன் நினைத்தான். அதற்கு முன் அந்தச் சேட்டைக் கொடியில் பார்த்தவர்கள் அதைச் சாம்பல் நிறம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கண்டி வீதியில் லொறி அடித்துச் செத்துப்போன அவளுடைய புருசனின் சேட்டு அது. பாவாடைக்கு மேலே அதைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டி, தலையிலும் வாயிலும் துணி சுற்றிக்கொண்டு, கனகராயன்குளத்துக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த கல்லுடைக்கும் ஆலைக்கு அவள் வேலைக்குப் போய்வந்தாள். ஊரில் அதற்குக் கிறசர் என்று பெயர். பின்னேரம் அவள் வீடு வரும்போது இமைமயிர்கூட வெளுத்திருக்கும். மகள் தேனுகா வாசலில் வைத்தே அம்மாவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

தயாபரன் உருத்திரபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கிளிநொச்சிப் பக்கத்து நெல் ஆலைகளில் பாதிக்கு உமிக்கூம்பு செய்து கொடுத்தவன் அவன்தான். உமிக்கூம்பு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆளை விட உயரமான தகரக் கூம்பு. காற்றாடி ஒன்று உமியையும் தூசையும் உறிஞ்சி அதற்குள் பக்கவாட்டில் தள்ளும். காற்று உள்ளே சுழன்று சுழன்று இறங்கும்போது பாரமானதெல்லாம் சுவரில் பட்டு அடியில் இருக்கும் பீப்பாவுக்குள் விழும். மிச்சக் காற்று மேலே குழாய் வழியே வெளியே போய்விடும். ஆலைக்குள் நின்று வெள்ளை வேட்டியோடு தேத்தண்ணி குடிக்கலாம் என்று ஆலைக்காரர்கள் அவனைப் புகழுவார்கள். புகழ்ச்சிக்கு மயங்காதவன் என்று தயாபரனைச் சொல்ல முடியாது.

போன தை மாதம் தங்கச்சியைப் பார்க்கக் கிறசருக்குப் போனபோதுதான் அவன் அந்த இடத்தை முதன்முதலாக உள்ளே நின்று பார்த்தான். இலட்சுமி என்றொரு பெண், கல் விழும் வாயில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தாங்கியில் தண்ணீர் இருக்கும்வரை கீழே சேறு. தாங்கி வற்றியதும் மேலே மூடுபனி. சேற்றில் நின்று நின்று பெண்களுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் புண். தங்கச்சி எந்த உருவம் என்று அடையாளம் காணவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் இருமிக்கொண்டு வந்து, "ஏன் அண்ணா உள்ளுக்கு வந்தனீங்கள், வெளியில நிண்டு கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நேரே முதலாளி கதிர்காமநாதனிடம் போனான். தகரம் நீங்கள் வாங்கித் தாருங்கள், கூலி எனக்கு வேண்டாம், நான் கூம்பு செய்து தருகிறேன் என்றான்.

பாசம் வந்தால் யோசனை வராது என்பதற்கு இவனை விட நல்ல சாட்சி வேண்டாம். தூசு என்றால் தூசுதானே, நெல்லில் பிடித்தது கல்லில் பிடிக்காதா என்று நினைத்தான். அது மட்டுமில்லை. நெல் ஆலைக்காரனுக்கு ஒரு சட்டம் உண்டு: உமிக்கூம்புக்குள் ஈரம் போகக் கூடாது. சரியாகக் காயாத புழுங்கல் நெல்லை ஆலையில் போட்டால் தவிடு பசை மாதிரிக் கூம்பின் கழுத்தில் அப்பி, மெசினையே நிறுத்திவிடும். ஈர நெல் கொண்டுவருகிறவனை ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சட்டத்தை அவன் அப்படியே கல்லுக்கும் கொண்டுபோனான். கூம்பைப் பூட்டிய அன்று, "இனி ஒருத்தரும் தண்ணி அடிக்கக் கூடாது" என்று சொல்லி, ஹோஸைச் சுருட்டித் தூணில் ஆணி அடித்துத் தொங்கவிட்டவனும் அவன்தான். கால் புண் ஆறும் என்று பெண்கள் அவனைக் கும்பிட்டார்கள்.

கதிர்காமநாதன் தேங்காய் உடைத்து, கூம்புக்குத் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைத்தார். மூடுபனி கலைந்தது. உடைந்த கல்லின் நீலமும், தகரக் கூரையும், அதற்கு அப்பால் பாலை மரங்களும் உள்ளேயிருந்தே தெரிந்தன. சுற்றாடல் அதிகாரி ஒருவர் வந்து வெள்ளைக் கைலேஞ்சியை விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து போனார். பெண்கள் வாயில் கட்டிய துணியை அவிழ்த்தார்கள். முன்பு மரநிழலுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டவர்கள், இப்போது வெயிலுக்குப் பயந்து கொட்டகைக்குள்ளேயே இருந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சுமித்திரா அண்ணனுக்குப் பிடிக்குமென்று ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் மூன்று கோப்பை குடித்தான்.

ஆவணி பிறந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமித்திரா அவனை வீரகத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வீரகத்தி அதே கிறசருக்காகப் பாறையில் துளை போடுகிற மெசின் பிடித்தவர். ஒரு காலத்தில் சீமெந்து மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போடுகிறவர் என்று பெயர். இப்போது கட்டிலில் இரண்டு தலையணையை மடியில் வைத்து, அதில் முழங்கையை ஊன்றி, முன்பக்கம் குனிந்தபடி இருந்தார். மூச்சு எடுக்கும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

"இரு தம்பி. என்னால படுக்கேலாது. இப்பிடி இருந்துகொண்டுதான் நித்திரை."

"சயரோகமோ அண்ணை?" என்று தயாபரன் கேட்டான்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். சளியில கிருமி இல்லையாம். ரெண்டு தரம் பாத்தாச்சு." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "வவுனியாவில படம் எடுத்துப் பாத்திட்டு டொக்டர் சொன்னார், இது கல்லுத்தூள் எண்டு. உள்ளுக்குப் போனது வெளியில வராதாம். மருந்தும் இல்லையாம்."

சுமித்திரா கஞ்சியை ஆற்றிக்கொண்டே, அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். "இப்ப அங்கை புழுதியே இல்லை அண்ணை. எங்கடை அண்ணா மெசின் வைச்சிட்டார். நாங்கள் துணிகூடக் கட்டுறேல்லை."

வீரகத்தி அவளைப் பார்த்தார். பிறகு தயாபரனைப் பார்த்தார். கஞ்சிக் கோப்பையை வேண்டாம் என்று தள்ளி வைத்தார்.

"டொக்டர் ஒரு கதை சொன்னார் தம்பி. கண்ணில தெரியிற தூள் மூக்கிலயும் தொண்டையிலயும் நிண்டிடுமாம். துப்பினால் போயிடும். கண்ணில தெரியாத தூள்தான் நெஞ்சுக்குள்ள இறங்கி அங்கையே இருந்திடுமாம்." மறுபடியும் மூச்சு. "உம்மடை மெசின் எந்தத் தூளைப் பிடிக்குது?"

கேட்டவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எல்லாம் பிடிக்கும் அண்ணை" என்று தயாபரனின் வாய் சொல்லிவிட்டது. வாய் எப்போதும் அப்படித்தான், முதலாளிக்கு முந்திக்கொண்டு ஓடும் வேலைக்காரன் மாதிரி.

அடுத்தநாள் விடிய அவன் கிறசருக்குப் போய்க் கூம்பின் அடியிலிருந்த பீப்பாவுக்குள் கையை விட்டான். அள்ளியதை விரல்களுக்கிடையில் தேய்த்தான். நறநறத்தது. நல்ல மணல். பிறகு ஏணி வைத்துக் கூரையில் ஏறி, காற்று வெளியேறும் மேல்குழாயின் வாயைப் பார்த்தான். குழாயைச் சுற்றித் தகரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தேங்காய் உடைத்த அன்று பூசிய திருநீறு காற்றில் ஏறி ஒட்டியிருக்கிறது என்று ஒரு கணம் நம்பப் பார்த்தான். தொட்டான். திருநீற்றை விட மென்மையாக இருந்தது. விரலில் ஒட்டியதே தெரியவில்லை. கீழே பார்த்தான். நெல் ஆலைகளில் செய்வதுபோலவே மேல்குழாயைக் கூரைக்குச் சற்று மேலேதான் விட்டிருந்தான். சோளகம் அந்தக் காற்றை மடக்கித் திரும்பவும் கொட்டகைக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் தங்கச்சி யாரோ சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூரையிலிருந்தே அவன் முன்ஸிருக்குப் போன் எடுத்தான். முன்ஸிர் வவுனியாவில் மோட்டார் திருத்துகிற கடைக்காரன். அதற்கு முன் பல வருடம் கட்டாரில் ஒரு சீமெந்து ஆலையில் வேலை பார்த்தவன். கூம்புகளுக்கு வேண்டிய காற்றாடி மோட்டாரெல்லாம் அவனிடம்தான் தயாபரன் வாங்குவது.

"மச்சான், தூள் எல்லாம் ஒண்டில்லை" என்றான் முன்ஸிர். "உமி பாரம். சுழட்டி விட்டால் தானா விழும். மா மாதிரித் தூள் சுழட்டினாலும் விழாது, காத்தோடயே வெளியில போயிடும். அதுக்குக் காத்தை வடிக்கிற துணிப்பை வேணும். சீமெந்துக்கு நாங்கள் வரிசை வரிசையாத் துணிப்பைதான் வைச்சிருந்தது. ஈரத் தூளெண்டால் துணிப்பையும் சரிவராது, அப்பிக்கொள்ளும். மரத்தூளெண்டால் நெருப்புக்குப் பயப்பிடவேணும். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மெசின்."

"கல்லுக்கு?"

"ஒண்டில் துணிப்பை. இல்லாட்டில் தண்ணி."

"உமிக்கூம்பு?"

"துணிப்பைக்கு முன்னால வைக்கலாம், அதின்ரை பாரத்தைக் குறைக்க. தனிய வைச்சால் நல்ல புழுதியைப் பிடிச்சுப்போட்டுக் கெட்ட புழுதியைத்தான் விடும்." முன்ஸிர் சட்டென்று நிறுத்தினான். "நீ எங்கையும் வைச்சிட்டியோ?"

"தண்ணியையும் நிப்பாட்டிப்போட்டன்."

"யா அல்லாஹ்" என்றான் முன்ஸிர் மெதுவாக. "உடனே தண்ணியைத் திறக்கச் சொல்லு மச்சான்."

தயாபரன் ஏணியால் இறங்கிய விதத்தைப் பார்த்தவர்கள் அவனைக் குளவி கொட்டிவிட்டது என்று நினைத்தார்கள். அவன் நேரே கதிர்காமநாதனின் அறைக்குப் போய், நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினான். துணிப்பை மெசின் எடுக்க வேண்டும், அது வரும்வரை தண்ணீர் அடிக்க வேண்டும், அதுவரைக்கும் எல்லாருக்கும் வாயில் துணி வேண்டும் என்றான். கதிர்காமநாதன் கெட்ட மனுசர் இல்லை. வீரகத்தி வீட்டுக்கு மாதாமாதம் அரிசி அனுப்புகிறவர். அவர் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு, முழுவதையும் கேட்டார்.

"தம்பி, நீர்தானே செய்து தந்தனீர். இப்ப நீரே வந்து பிழை எண்டுறீர். அதிகாரி வந்து பாத்திட்டு நல்லது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். முந்தி அந்தப் புழுதியைப் பாத்து நானும் பயந்தனான், இல்லையெண்டு சொல்லேல்லை. கண்ணில தெரியாததுக்கு எப்பிடிப் பயப்பிடுறது?"

"வீரகத்தி அண்ணையைப் பாருங்கோ."

"அவர் பழைய புழுதியில வேலை செய்தவர்." அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "குழாய்க்கிணறு வத்திப்போச்சு. தண்ணி எண்டால் காசு குடுத்துப் பவுசர் லொறியில எடுக்கவேணும். ரோட்டு வேலைக்காரர் கல்லுக் கேட்டு நாளுக்கு நாலு தரம் போன். மழை வரட்டும், பேந்து பாப்பம்."

மழை ஐப்பசியில் வரும். வந்தால். அதுவரை அந்தக் கொட்டகைக்குள் தங்கச்சி எத்தனை தரம் மூச்சு எடுப்பாள் என்று அவன் எண்ணிப் பார்த்தான்.

அவன் தங்கச்சியிடம் போனான். வேலையை விடு, உருத்திரபுரத்துக்கு வந்துவிடு என்று கெஞ்சினான். தேனுகாவுக்கு அடுத்த வருடம் பரீட்சை, நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது என்றாள். சரி, துணியையாவது கட்டு என்றான். அவள் சிரித்தாள். "இந்த வெக்கைக்கோ? புழுதி நிண்ட நேரமே மூச்சுத் திணறத் திணறக் கட்டினது. இப்ப ஏன்?" வவுனியாவுக்கு ஓடிப்போய் நல்ல முகமூடிகள் ஒரு பெட்டி வாங்கி வந்தான். அண்ணனுக்காக ஒருநாள் போட்டாள். கன்னமெல்லாம் வேர்க்குரு. மற்றப் பெண்கள் அவளை டொக்டர் அம்மா என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணினார்கள். அடுத்தநாள் முகமூடி அவள் சோற்றுப் பையின் பிடியில் தொங்கியது.

ஒருநாள் மத்தியானம் தகரக் கூரையின் ஆணி ஓட்டையால் விழுந்த வெயிற்கோட்டை அவர்களுக்குக் காட்டினான். அந்தக் கோட்டுக்குள் தூள் மின்னி மின்னி ஓடியது. "பாருங்கோ, பாருங்கோ" என்று கத்தினான். இலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கடை குசினிக்குள்ளயும் ஓடுது தம்பி" என்றாள். அதுவும் உண்மைதான். உண்மை ஒவ்வொரு தரமும் எதிர்க்கட்சிக்கே சாட்சி சொன்னால் மனுசன் என்ன செய்வான்?

"அண்ணா, நீங்கள் ஏன் இப்பிடி அலைக்கழியிறியள்?" என்று சுமித்திரா அன்று கேட்டாள். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நீங்கள் செய்த மெசினிலை எனக்கு நம்பிக்கை இருக்கு. எனக்கு இருமல்கூடக் குறைஞ்சு போச்சு. இது சும்மா சளி." சொல்லிவிட்டு இருமினாள். வறண்ட, சின்ன இருமல். அவன் தன் வாயால் என்ன சொன்னாலும், தன் கையால் செய்து வைத்தது அதை மறுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கையைத்தான் நம்பினாள். ஊர் பேர் தெரியாத எவனோ செய்த மெசின் என்றால் இரண்டு வார்த்தையில் சந்தேகப்பட்டிருப்பாள்.

கதிர்காமநாதன் வவுனியாவுக்குப் போயிருந்த ஒருநாள், தயாபரன் தூணிலிருந்து ஹோஸை எடுத்தான். இலட்சுமி மாட்டேன் என்றாள். கால் இப்போதுதான் ஆறியிருக்கிறதாம். தாங்கியில் கிடந்த தண்ணீரைத் திறந்து அவனே கல் விழும் வாயில் அடித்தான். தண்ணீர் பட்ட கல்லிலிருந்து தூள் எழும்பவே இல்லை. வெயிற்கோட்டைப் பார்த்தான். அதற்குள் ஓட்டம் அடங்கியிருந்தது. சந்தோசத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே காற்றாடி ஊளையிடத் தொடங்கியது. நெல் ஆலைக்காரனின் சட்டம் பொய் சொல்வதில்லை. ஈரத் தூள் கூம்பின் கழுத்தில் அப்பி, வெயிலில் வெந்த தகரத்தில் சீமெந்து மாதிரி இறுகி, மோட்டார் புகைந்து நின்றது. அதோடு ஒரே மின்கம்பியில் ஓடிய கிறசரும் நின்றது.

கதிர்காமநாதன் திரும்பி வந்து பார்த்தார். ஏசவில்லை. "நீரே அடைச்சனீர், நீரே துப்பரவாக்கும். நாளைக்குக் காலமை மெசின் ஓடவேணும். லொறி வருது" என்றார். நாட்கூலிப் பெண்களை அரைநாளோடு வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் தயாபரனைப் பார்த்த பார்வையில் பச்சைத் தண்ணீரே கொதித்திருக்கும். தங்கச்சி அவனைப் பார்க்கவே இல்லை. சோற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே படலையைத் தாண்டிப் போனாள்.

அவன் கூம்பின் அடியில் குந்தியிருந்தான். இதுவும் தண்ணீரும் ஒரு கொட்டகைக்குள் வாழாது என்பது தெளிவாகிவிட்டது. இது இருக்கும்வரை கொட்டகை துப்பரவாகத் தெரியும். துப்பரவாகத் தெரியும்வரை ஒருத்தரும் பயப்பட மாட்டார்கள். பயம் இல்லாத இடத்துக்குத் தண்ணீரும் வராது, துணியும் வராது. வீரகத்தியின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கட்டிலில் வீரகத்தி இல்லை, தலையணையில் முழங்கை ஊன்றித் தங்கச்சி இருந்தாள். அவன் வாய்விட்டு அழுதான். கிறசர் நின்றுவிட்டதால் அந்த இடம் அமைதியாக இருந்தது. தன் அழுகை அவனுக்கே கேட்டது.

காலையில் அவன் காஸ் கட்டரோடு வந்தான். பெண்கள் கவிழ்த்து வைத்த கூடைகளில் உட்கார்ந்து மெசின் திருத்தி முடியும்வரை காத்திருந்தார்கள். வெளியே லொறிகள் வரிசையில் நின்றன. சுமித்திராவுக்கு ஆத்திரம் ஆறியிருந்தது. பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"கெதியா முடியுங்கோ அண்ணா. இண்டைக்கும் அரைநாள் போனால் சரிவராது."

"ஓம்" என்றான்.

அவள் சேட்டு தோய்த்துக் காய்ந்து, மடிப்புக் கலையாமல் நல்ல கறுப்பாக இருந்தது. அவன் பிளேன்ரீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு ஏணியில் ஏறினான். அடைப்பு எடுக்கத்தான் ஏறுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதலில் மேல்குழாயை அறுத்தான். பிறகு காற்றாடியின் கத்திகளை ஒவ்வொன்றாக அறுத்தான். திருத்துகிற சத்தம் மாதிரித்தான் இருந்தது. கூம்பைக் கழுத்திலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்தபோதுதான், சந்தனப் பொட்டு வைத்த பாதித் தகரம் தனியாக மடிந்து பெருஞ்சத்தத்தோடு கீழே விழுந்தது. அவன் செய்தவற்றிலேயே ஒட்டு மிகவும் நேர்த்தியாக அமைந்த கூம்பு அது. தங்கச்சிக்கென்று செய்தது, அதனால் வெல்டிங் கோட்டைக்கூட அரம் போட்டு மழமழப்பாக்கியிருந்தான்.

கதிர்காமநாதன் அறையிலிருந்து ஓடி வந்தார். விழுந்து கிடந்ததைப் பார்த்தார். ஏணியில் நின்றவனைப் பார்த்தார்.

"உமக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?"

"இனி இதை ஒட்டேலாது ஐயா. நான் ஒட்டவும் மாட்டன், வேற ஆரைக் கொண்டும் ஒட்டேலாது."

கதிர்காமநாதனின் முகம் கறுத்தது. பொலிசுக்குப் போன் எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. வெளியே லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவர் ஒரு முடிவுக்கு வந்தவராகச் சுவிட்சடியில் நின்றவனைப் பார்த்து, "போடு. கிறசரைப் போடு. முந்தி ஓடினமாதிரி ஓடட்டும்" என்றார்.

கிறசர் ஓடியது. முதல் கல் வாயில் விழுந்து நொறுங்கியதும் தூசு எழும்பியது. ஈரமில்லை, கூம்பில்லை, காற்று வேறு கொட்டகைக்குள்ளேயே திரும்பியது. தையில் அவன் பார்த்த மூடுபனி இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. தூண் மறைந்தது, கூடைகள் மறைந்தன, பெண்கள் இருமிக்கொண்டும் கத்திக்கொண்டும் ஓடினார்கள். தலைத்துணியை இழுத்து வாயில் கட்டினார்கள். யாரோ குடிதண்ணீரில் முந்தானையை நனைத்தார்கள். "தண்ணியைத் திற, தண்ணியைத் திற" என்று இலட்சுமிதான் முதலில் குரல் கொடுத்தாள். கால்புண்ணை மறந்து, தாங்கியில் மிச்சமிருந்த தண்ணீரைத் திறந்து ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடியவளும் அவள்தான். கதிர்காமநாதன் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் போனை வைத்து, "பவுசரை அனுப்பு, இப்பவே அனுப்பு, ஒவ்வொரு நாளும் அனுப்பு" என்று கத்தினார்.

தயாபரன் ஏணியிலிருந்து இறங்கித் தூசுக்குள் நின்றான். வாயைப் பொத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணால் தங்கச்சியைத் தேடினான்.

அவள் தூசுக்குள்ளிருந்து அவனை நோக்கி வந்தாள். தலைத்துணியைத் தண்ணீரில் தோய்த்து மூக்கும் வாயும் மூடும்படி இறுக்கிக் கட்டியிருந்தாள். கண் இரண்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களில் இருந்த வெறுப்பை அவன் அதற்கு முன் எந்த மனுசரிடமும் பார்த்ததில்லை.

"நீ ஒரு அண்ணனோ?" என்றாள். அறிவு தெரிந்த நாளிலிருந்து அவனை நீங்கள் என்றே அழைத்தவள். "ஊரெல்லாம் எங்கடை அண்ணா எங்கடை அண்ணா எண்டு சொல்லித் திரிஞ்சன். எங்கடை வயித்திலயும் நெஞ்சிலயும் மண்ணைப் போட்டிட்டாய். நீ நல்லா இருக்கமாட்டாய். இனி என்ர படலைக்குள்ள கால் வைக்காதை."

ஒவ்வொரு சொல்லும் ஈரத் துணிக்குள்ளால் மங்கி வந்தது. கூம்பு பூட்டிய நாளிலிருந்து இன்றுவரை அவள் அவனோடு கதைத்ததெல்லாம் திறந்த வாயால். சிரித்தது, கூழ் குடிக்கக் கூப்பிட்டது, நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னது எல்லாம். இந்தச் சாபம் ஒன்றுதான் துணிக்குள்ளால் வந்தது. தயாபரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஏசு தங்கச்சி. எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசு. துணியை மட்டும் அவிட்டுப்போடாதை."

அவள் துணிக்குள்ளேயே இருமினாள். நின்று இன்னொரு தரம் இருமிவிட்டு, ஹோஸ் பிடித்து நின்ற இலட்சுமிக்குக் கைகொடுக்கத் திரும்பிப் போனாள். அந்த இருமல் இன்றைக்கு வந்ததா, முன்பே உள்ளே குடியிருந்ததா என்று அவனுக்குத் தெரியாது. இனி அவனுக்கு அதை யாரும் சொல்லப் போவதுமில்லை. அவளுடைய சேட்டின் முதுகு முழுவதும் சாம்பலாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தவரை அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.